சராசரி எப்பொழுது சான்றாகும்?

சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் படிப்பது நமது உத்தியோகக் கடமைகளுள் ஒன்று. அவற்றில் அடிக்கடி காணப்படும் சொற்றொடர் ஒன்று உண்டு. "பரிசோதித்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிகிறபடியால்" என்பதே அது. அதனைத் தொடர்ந்து பெரும்பாலும் ஒரு கொள்முதல் தீர்மானம் வரும். விதையோ, உரமோ, சாயமோ, ஏதோ ஒன்றன் பொருட்டுச் சங்கப் பணம் செலவாகும். வாங்கியதற்கு வவுச்சர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நமது வேலை முடிந்தது எனச் சிலர் எண்ணலாம். ஆனால் "நல்ல பலன்" என்ற அவ்விரண்டு சொற்களுக்கு வவுச்சர் எங்கே? இம்மாதப் பாடத்தில் இதனையே ஆராயப் புகுகிறோம்.

முதலில் வெளிநாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுவோம். ஸ்காட்லாந்து நாட்டின் லானர்க்ஷயர் மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு, பிப்ரவரி முதல் ஜூன் வரை, பள்ளிக் குழந்தைகளிடையே ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. பள்ளியில் நாள்தோறும் பால் கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாக வளர்வார்களா என்பதே கேள்வி. 67 பள்ளிகளில் சுமார் 20,000 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 10,000 பேருக்குத் தினந்தோறும் முக்கால் பைண்ட், அதாவது ஏறக்குறைய 425 மில்லிலிட்டர் பால் வழங்கப்பட்டது. இவர்களிலும் பாதிப் பேருக்குப் பச்சைப் பால். மறு பாதிப் பேருக்குப் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பால். மற்ற 10,000 பேருக்குப் பால் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோருடைய எடையும் உயரமும் குறிக்கப்பட்டன.

இருபதினாயிரம் பேர்! இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பிழை நுழைய இடமேது என்று தோன்றும். ஆனால் மறு ஆண்டே, 1931-இல், "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதிவந்த ஓர் அறிஞர் இப்பரிசோதனையின் அடித்தளத்தையே அசைத்துக் காட்டினார். அவருடைய உண்மைப் பெயர் வில்லியம் காசெட். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுபான ஆலையில் ஊழியம் பார்த்தவர். பார்லியையும் ஹாப்ஸ் பூவையும் சிறு சிறு மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடவேண்டிய தொழில் அவருடையது. சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் துணிந்து முடிவு கூறலாம் என்பதற்கு 1908-இலேயே வழி கண்டவர் அவர்.

அவர் கண்ட பிழை எண்களில் இல்லை. பிள்ளைகளைப் பிரித்த விதத்தில் இருந்தது. சில பள்ளிகளில் சீட்டுப் போட்டும், சிலவற்றில் அகர வரிசைப்படியும் முதலில் பிரித்தனர். அதுவரை சரியே. ஆனால் ஒரு பக்கத்தில் நன்றாக உண்டு வளர்ந்த பிள்ளைகளோ, மெலிந்த பிள்ளைகளோ மிகுதியாகத் தோன்றினால், ஆசிரியர்கள் ஆளை மாற்றிச் சமப்படுத்தலாம் என்றும் இடங்கொடுத்துவிட்டனர். ஆசிரியரும் மனிதர்தாமே! எதிரே வற்றி நிற்கும் ஏழைப் பிள்ளையைக் கண்டால், அதற்குப் பால் கிடைக்கட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? விளைவு என்ன தெரியுமா? பரிசோதனை தொடங்கும்பொழுதே, பால் பெறாத கூட்டத்தினர் பால் பெறப்போகும் கூட்டத்தினரைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தனர். சமப்படுத்தப் புகுந்த கை தராசைச் சாய்த்துவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழந்தைகளை உடையோடு நிறுத்தார்கள். பிப்ரவரியில் கடுங்குளிர், ஜூனில் கோடை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குளிர்காலத்தில் கனத்த கம்பளி உடையில் வந்து, கோடையில் மெல்லிய உடையில் நின்றிருக்கும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு பருவத்திலும் உடையில் அவ்வளவு வேற்றுமை இராது. ஆகவே பால் பெறாதவர் பக்கம் உடைக் குறைவினாலேயே எடைப் பெருக்கம் குறைந்து காணப்படும். அது பாலின் பெருமையாக எழுதப்பட்டுவிடும். மேலும், ஒரே பள்ளியில் இரண்டு வகைப் பாலையும் கொடுக்கவில்லை. எனவே பச்சைப் பாலா, சூடாக்கிய பாலா என்ற கேள்வியில், பாலின் வேற்றுமையையும் பள்ளிகளின் வேற்றுமையையும் பிரித்துக் காண வழியில்லாது போயிற்று.

பால் நன்மை செய்யும் என்பதைக் காசெட் மறுத்தாரில்லை. எவ்வளவு நன்மை என்பதற்கு இந்த எண்கள் சான்றாக மாட்டா என்றார். ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் ஐம்பது ஜோடியைத் தேர்ந்து, ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்குப் பால் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்திருந்தால், மிகச் சிறு செலவில் இதனினும் நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றும் எழுதினார். நூறு குழந்தைகள், இருபதினாயிரம் குழந்தைகளைவிட மேலான சாட்சி! இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

இனி நமது ஊர்க் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றுப் பாசனப் பகுதியில் ஒரு விவசாயிகள் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நெற்பயிருக்கு இலைவழி தெளிக்கும் ஒரு சத்து மருந்தைச் சங்கச் செலவில் எல்லா அங்கத்தினர்க்கும் வாங்குவதென்று தீர்மானம் எழுதி, கையொப்பம் மட்டும் பாக்கியிருந்தது. தெளித்த பன்னிரண்டு பேருக்கு, தெளிக்காதவர்களைக் காட்டிலும் ஏக்கருக்குச் சராசரி நான்கு மூட்டை கூடுதல் என்று காரியதரிசி ஒரு தாளைக் காட்டினார். கூட்டலும் வகுத்தலும் பிழையற்றிருந்தன. அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்று கேட்டோம். மாதிரிப் பாட்டில்கள் வந்த அன்று முதலில் வந்து வாங்கிக்கொண்டவர்களாம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், ஒன்பது பேருடைய நிலம் தலைமடையில் இருந்தது. மற்ற மூவருக்கும் சொந்த மோட்டார் இருந்தது. தெளிக்காதவர்களுள் பெரும்பாலோர் கடைமடைக்காரர்கள். அந்த நான்கு மூட்டை மருந்தினுடையதா, தண்ணீரினுடையதா?

காரியதரிசிக்கு வருத்தந்தான். "நாங்கள் பொய்க் கணக்கு எழுதவில்லையே" என்றார். உண்மையே, அவர்மீது குற்றமில்லை. தீர்மானத்தை ஒரு போகம் ஒத்திவைத்து, வேறு முறையில் பார்க்குமாறு கேட்டுக்கொண்டோம். எட்டு அங்கத்தினர் முன்வந்தனர். ஒவ்வொருவரும் ஒரே வயலை நடுவே வரப்பிட்டு இரண்டாக்கினர். எந்தப் பாதியில் தெளிப்பது என்பதற்குத் திருவுளச்சீட்டுப் போட்டோம். இது புதுமையன்று. உத்திரமேரூர்ச் சபையார் பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலையிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு அதனை எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. அவர்கள் பட்சபாதத்தைத் தடுக்கச் செய்ததையே, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர், பரிசோதனைக்குரிய விதியாகவே வகுத்தார். நல்ல பாதி எது என்பதை நமது கண் அறியும், சீட்டு அறியாது.

அறுவடையில் எட்டு வயல்களில் ஐந்தில் தெளித்த பாதி மேல். மூன்றில் தெளிக்காத பாதி மேல். ஐந்துக்கு மூன்று என்றால் வெற்றிதானே என்று அங்கத்தினர் மகிழ்ந்தனர். இங்கேதான் புள்ளியியல் தேவைப்படுகிறது. மருந்து ஒரு பயனும் அற்றது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஒவ்வொரு வயலும் ஒரு காசைச் சுண்டுவது போன்றதே. எட்டுக் காசுகள் விழக்கூடிய விதங்கள் 256. அவற்றுள் ஐந்தோ அதற்கு மேலோ தலை விழும் விதங்கள் 93. அதாவது, வெறுந்தண்ணீரைத் தெளித்திருந்தாலும் மூன்று முறைக்கு ஒரு முறைக்குச் சற்று மேலாகவே இத்தகைய "வெற்றி" கிட்டும். எட்டில் ஆறு என்றாலும் 37 விதங்கள். ஏழு முறைக்கு ஒரு முறை. எட்டில் ஏழு என்றால் 9 விதங்கள். இருபத்தெட்டுக்கு ஒரு முறை. எட்டும் எட்டாக வந்தால் 256-க்கு ஒன்றுதான். அப்பொழுது தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஐந்தை நம்பிச் சங்கப் பணத்தைச் செலவிடலாகாது என்று நிர்வாகக் கமிட்டி முடிவு செய்தது. மருந்து பயனற்றது என்று இதனால் நிரூபணமாயிற்றா? இல்லை. சிறு நன்மையைக் கண்டுபிடிக்க எட்டு வயல் போதாது, அவ்வளவே. இதனையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்தோம்.

நெசவாளர் சங்கத்தாருக்கும் ஒரு கருவி உண்டு. அது பிறந்ததே நெசவுத் தொழிலில்தான். மான்செஸ்டர் பஞ்சாலை ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றிய டிப்பெட் என்பவர், தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்றறிய ஒவ்வொரு தறியின் அருகிலும் கடிகாரத்தோடு நிற்க வேண்டியதில்லை என்று கண்டார். இடையிடையே கூடத்துள் நடந்து, கண்பட்ட அந்தக் கணத்தில் தறி ஓடுகிறதா, நிற்கிறதா, நின்றால் ஏன் என்று மட்டும் குறித்துக்கொண்டாலே போதும். 1930-களில் அவர் வகுத்த இம்முறை பின்னர்ப் பல தொழில்களுக்கும் பரவிற்று.

நமது அங்கத்தினர் வீடுகளில் 400 முறை இவ்வாறு பார்த்து, 120 முறை தறி நின்றிருந்ததாகக் கொள்வோம். நின்ற நேரம் நூற்றுக்கு 30. இம்மதிப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 ஏறலாம், இறங்கலாம். 100 முறை மட்டும் பார்த்தால் அந்தப் பிசகு 9 வரை போகும். பிசகைப் பாதியாக்க நான்கு மடங்கு பார்க்கவேண்டும் என்பது இக்கணக்கின் இயல்பு. நின்றதற்குக் காரணம் பாவு தீர்ந்ததா, தார் சுற்ற ஆள் இல்லையா, சங்கத்திலிருந்து நூல் வரவில்லையா என்பதை அப்பொழுதே எழுதிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. மேற்பார்வையாளர் தமக்கு வசதியான பதினொரு மணிக்கே தினமும் போனால், பதினொரு மணியின் கதைதான் கிடைக்கும். மழை நாளைத் தவிர்த்தால் மழை நாளின் கதை கிடைக்காது. ஆகையால் போகவேண்டிய நேரத்தையும் வீட்டையும் முன்னாளிலேயே சீட்டெடுத்துக் குறித்து, அந்தத் தாளைக் காரியாலயத்தில் பூட்டி வைக்கவேண்டும். சீட்டில் வந்த வீடு தூரத்தில் இருக்கிறதென்று பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதுவதும், லானர்க்ஷயர் ஆசிரியர் செய்த ஆள் மாற்றமேயாகும்.