பருந்து தலையில் விழும் பழி

சாயங்காலம் கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது இரண்டு குஞ்சு குறைந்தால் நம் ஊர்ப்பக்கம் விசாரணை கிடையாது, தீர்ப்பு மட்டும்தான்: "பிராந்து தூக்கிருச்சு." தூக்கியிருக்கலாம். ஆனால் பருந்து பட்டப்பகலில், எல்லோர் கண்ணிலும் படும்படி வட்டமடிப்பதால், காக்கையும் கீரியும் பாம்பும் பெருச்சாளியும் செய்த திருட்டெல்லாம் அதன் கணக்கிலேயே எழுதப்படுகிறது. கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடையே புழங்கும் இப்படிப்பட்ட சில நம்பிக்கைகளை இந்த முறை எடுத்துக்கொள்வோம்.

"முட்டையிடுகிற பெட்டையையே பருந்து தூக்கிப் போய்விட்டது."

நம் வீட்டுக்கு மேலே பறப்பவை பெரும்பாலும் மூன்று. வால் நுனி பிளந்த கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்றிருக்கும் செம்பருந்து. புறா அளவே உள்ள வைரி; வல்லூறு என்றும் சொல்வார்கள். கரும்பருந்து ஒரு கிலோவைத் தாண்டுவது அபூர்வம். செம்பருந்து அரைக் கிலோ சுமார். வைரி 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும். தன் எடைக்குச் சமமானதைத் தூக்கிப் பறப்பதே வேட்டைப் பறவைக்குப் பெரும்பாடு. ஒன்றேகால் கிலோ சிறுவிடைப் பெட்டையை இவற்றில் எதுவும் தூக்கிப் போக முடியாது. மலையடிவாரத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே ராசாளி, குடுமிப்பருந்து போன்ற பெரியவை வளர்ந்த கோழியையும் அடிக்கும்; தூக்க முடியாவிட்டால் அடித்த இடத்திலேயே இறகைப் பிடுங்கிப்போட்டுத் தின்னும். அந்த இடத்தில் இறகு வட்டமாகச் சிதறிக் கிடக்கும்.

இறகும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை, கோழியை மட்டும் காணோம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டாம், வேலியோரத்தைப் பாருங்கள். நாய், நரி, காட்டுப்பூனை எல்லாம் கவ்விக்கொண்டு போகிறவை. திருவிழாக் காலமென்றால் இரண்டு கால் பிராணியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குஞ்சுகளின் கதை வேறு. ஆறு, எட்டு வாரம் வரைக்கும் பருந்து பயம் நிஜமான பயம்தான். அதிலும் தை முதல் வைகாசி வரை இந்தப் பறவைகளின் கூட்டிலும் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்கும். செம்பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், "கருடன் தொடாது, கள்ளப்பருந்துதான் எடுக்கும்" என்பார்கள். கருடனும் எடுக்கும். மீனும் நண்டும் அதற்கு இஷ்டம் என்றாலும், குளத்தங்கரை வீட்டில் தாயைவிட்டு விலகி நிற்கும் குஞ்சை அது விட்டுவைப்பதில்லை. பொரித்து ஒரு வாரம் ஆகாத குஞ்சுக்கோ பருந்தைவிட அண்டங்காக்கைதான் எமன்.

"மரநாய் ரத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும்."

இது படித்தவர்களும் அடித்துச் சொல்கிற நம்பிக்கை. காரணம், கண்ணால் கண்ட காட்சி அப்படி. விடிந்து கூட்டைத் திறந்தால் ஏழெட்டுக் கோழிகள் கால் விறைத்துக் கிடக்கும். பின்கழுத்து இறகை விலக்கிப் பார்த்தால் பல் இறங்கிய தடம் தெரியும். நெஞ்சுக்கறி, தொடைக்கறி எதுவும் தொட்டிருக்காது. மனசு கேட்காமல் ஒன்றை அறுத்துப் பார்த்தால் ரத்தமும் வராது. வேறென்ன நினைக்கத் தோன்றும்?

ஆனால் பாலூட்டிகளில் ரத்தத்தை மட்டுமே குடித்து உயிர்வாழ்பவை மூன்று வகை வௌவால்கள்தான். அவையும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை உள்ளவை. நம் நாட்டில் இல்லை. மரநாய் பெரும்பாலும் பழந்தின்னி. காப்பிப் பழத்துக்கும் பதநீர்ப் பானைக்கும் அலைகிற பிராணி. கோழி கிடைத்தால் அதையும் தின்னும், அவ்வளவுதான். கீரிக்கும் இதே பழி உண்டு.

அப்படியானால் ரத்தம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. கறிக்கடையில் உயிரோடு அறுக்கும்போது இதயம் அடித்துக்கொண்டிருப்பதால் ரத்தம் பீய்ச்சுகிறது. இதயம் நின்றுவிட்டால் ரத்தம் உடம்பின் தாழ்ந்த பக்கம் இறங்கி உறைந்துவிடும். நடுச்சாமத்தில் செத்த கோழியை விடிந்து அறுத்தால் சொட்டாது.

தின்னாமல் ஏன் இத்தனையைக் கொல்ல வேண்டும் என்பது நியாயமான கேள்வி. விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான். இங்கிலாந்துக் கடலோரத்தில் நரிகள் இருட்டான இரவுகளில் கடற்காக்கைகளைத் தேவைக்கு மேல் கொன்று போட்டுவிட்டுப் போவதையும், ஆப்பிரிக்காவில் கழுதைப்புலிகள் சிறு மான்களிடம் அதையே செய்வதையும் அவர் பதிவு செய்தார். சாதாரணமாக வெட்டவெளியில் ஒன்றைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும். வேட்டை அத்தோடு முடியும். பூட்டிய கூட்டுக்குள் எதுவும் தப்ப முடியாது. படபடக்கிற ஒவ்வொரு சிறகும் உள்ளே நுழைந்த பிராணியை மறுபடி மறுபடி உசுப்பிவிடும். நுழைய ஓட்டை இருந்து, கோழிக்கு வெளியேற வழியில்லாத கூடு, கூடே இல்லாததைவிட மோசம்.

"சேவல் இருந்தால் பருந்து அண்டாது."

பாதி உண்மை. மேய்ந்துகொண்டிருக்கும் சேவலைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சட்டென்று தலையைச் சாய்த்து ஒற்றைக்கண்ணை வானத்துக்குக் காட்டி நிற்கும். பருந்து என்று தெரிந்தால் கீச்சென்று நீட்டி ஒரு சத்தம். நாயோ பூனையோ என்றால் கெக்கெக்கென்று விட்டுவிட்டு வேறொரு சத்தம். விலங்கு நடத்தை ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் குழுவினர் இதைச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். முதல் சத்தத்தை ஒலிபரப்பினாலே பெட்டைகள் மறைவிடத்துக்கு ஓடின, பதுங்கின; இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன. பருந்து கண்ணில் படவே தேவையில்லை. மார்லரின் குழு முன்பே கண்ட இன்னொரு சங்கதியும் உண்டு: பக்கத்தில் துணை இருந்தால்தான் சேவல் அதிகம் எச்சரிக்கிறது.

ஆக, சேவல் காவல்காரன், சண்டைக்காரன் அல்ல. அது கத்தியதும் ஓடி ஒளிய ஒரு மறைவு இல்லாவிட்டால் கத்தி என்ன பயன்? பெருக்கித் துடைத்த வெறும் முற்றம் பருந்துக்குத் தோது. அதற்காகப் புதர் வளர்த்தால் கீரிக்குத் தோது. இடுப்பளவில் ஒரு அவரைப் பந்தலோ சுரைப் பந்தலோ போட்டு, அடியில் மட்டும் செத்தையில்லாமல் வைத்தால் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

பருந்தை விரட்டக் கட்டும் பழைய சிடி, செத்த காக்கை, குஞ்சுக்குப் பூசும் ரோஸ் சாயம் எல்லாம் புதுசாக இருக்கும்வரை மிரட்டும். பிறகு பழகிவிடும். பறவைகள் நம்மைவிட அதிக நிறம் பார்ப்பவை. சாயம் பூசிய குஞ்சும் குஞ்சுதான் என்று கண்டுகொள்ள அவற்றுக்கு வெகுகாலம் ஆகாது.

"பூண்டு கரைத்துத் தெளித்தால், சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது."

பாம்பு கூட்டுக்கு வருவது முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டுமல்ல, சிந்திய தீவனத்துக்கு வரும் எலிக்காகவும்தான். ராத்திரி தீவனத்தட்டை எடுத்துவைப்பதும் அன்றைய முட்டையை அன்றே எடுப்பதும் எந்தச் செடியையும்விடப் பலன் தரும். ஓடு உடைந்த தடயமே இல்லாமல் முட்டை காணாமல் போனால் நல்லபாம்பைச் சந்தேகிக்கலாம்; கையை விடுமுன் டார்ச் அடியுங்கள். அந்த எலியைப் பிடிக்க வரும் கூகையைக் கல்லெறிந்து விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோழி அதன் தீனியில்லை.

"கோழிவலை அடித்தாயிற்று, இனிக் கவலையில்லை."

அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் வேண்டும். அடியில் ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கமாகத் தரையில் விரித்துக் கல் ஏற்ற வேண்டும். பகலில் பருந்தைத் தடுக்க மேலே பழைய மீன்வலை போதும்.

கடைசியாக, விஷம். கோழிக்குடலில் குருணை மருந்தைக் கலந்து வைத்தால் தொல்லை தீரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருந்து, கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொன்றால் வழக்கு, சிறை. அந்தக் குடலை முதலில் தின்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாயாக இருக்கும். கீரியே செத்தாலும் காலியான இடத்துக்கு இன்னொரு கீரி வரும், அது வந்து சேரும்வரை எலி பெருகும்.