எக்செல் உறைந்தால் எங்கே தேடுவது?

மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் புளியந்தீவு ஒல்லாந்தர் கோட்டைக்குள் இயங்கியது. அந்தக் காலத்துத் தடித்த பதிவேடுகளின் வேலையை இன்று எக்செல் தாள்கள் செய்கின்றன. மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்களில் ஒன்றின் பட்டியலுக்காக எழுதிய மக்ரோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பதினான்கையும் ஒரே தாளில் ஒட்டிவிட்டு அதே பொத்தானை அமுக்கினால் திரை வெளிறிப்போகும். தலைப்பில் 'நொட் ரெஸ்பொன்டிங்' என்று வந்து நிற்கும்.

உடனே மூடிவிடக் கூடாது. ஒரு சாளரம் 5 வினாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அப்படி எழுதிவிடும். மக்ரோவை ஓட்டுவதும் திரையைக் கவனிப்பதும் எக்செல்லில் ஒரே இழையில் நடக்கின்றன. ஆகவே மும்முரமாக வேலை செய்யும் எக்செல்லும் செத்துப்போனதுபோலவே தெரியும்.

எது உண்மை என்று அறிய கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மனேஜரைத் திறக்கலாம். எக்செல்லுக்கு நேரே சீபியூ வீதம் உயர்ந்து நின்றால் மக்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு லொஜிக்கல் புரொசெசர் உள்ள இயந்திரத்தில் அது 25 வீதத்தை ஒட்டி நிற்பது வழக்கம். பூச்சியத்துக்கு அருகில் கிடந்தால் எக்செல் எதற்கோ காத்திருக்கிறது: வேறொரு சாளரத்துக்குப் பின்னால் மறைந்த 'ஓகே' பெட்டி, அணைந்து கிடக்கும் பிரின்டர், துண்டிக்கப்பட்ட நெட்வேர்க் டிரைவ். ஆல்ட், டாப் அமுக்கி மறைந்த பெட்டியைத் தேடினாலே பாதிச் சிக்கல்கள் அவிழும்.

ஓடிக்கொண்டிருந்தால் எஸ்கேப் விசையை, அல்லது கொன்ட்ரோலுடன் பிரேக் விசையை அமுக்கி நிறுத்தலாம். வரும் பெட்டியில் 'என்ட்' வேண்டாம், 'டிபக்' வேண்டும். மஞ்சள் பூசிய வரிதான் மக்ரோ அந்த நேரம் நின்ற இடம். அந்த வரியில் உள்ள மாறியின் மேல் மவுஸை வைத்தால் அதன் மதிப்பு தெரியும். பிறகு எஃப்8 விசையால் வரி வரியாக நடத்திப் பார்க்கலாம். மாறியில் உள்ள வரிசை எண் ஏறாமல் அதே இடத்தில் நின்றால் அது முடிவில்லாச் சுழற்சி. ஏறிக்கொண்டே போனால் வெறும் தாமதம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கோப்பைத் திறந்தவுடனேயே உறைகிறதென்றால், ஷிப்ட் விசையை அமுக்கிப் பிடித்தபடி எக்செல்லுக்குள்ளிருந்து திறக்க வேண்டும். தானாக ஓடும் மக்ரோ ஓடாது. எதைத் தொடும் முன்னும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

முடிவில்லாச் சுழற்சிகளில் மிகவும் கள்ளத்தனமானது ஒன்று உண்டு. வரிசை எண்ணை 'இன்டிஜர்' என்று அறிவித்திருப்பார்கள். அதன் உச்சம் 32,767. ஒரு பிரிவின் பட்டியல் அதற்குள் அடங்கியிருக்கும். 5 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாவட்டத்தின் பட்டியல் அடங்காது. சாதாரணமாக அந்த இடத்தில் 'ஓவர்ஃப்ளோ' என்ற பிழை வந்து மக்ரோ நின்றுவிடும். ஆனால் பிழைச்செய்தி தொல்லையாக இருக்கிறதென்று மேலே 'ஒன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' எழுதி வைத்திருந்தால், பிழை விழுங்கப்படும், எண் 32,767இலேயே நிற்கும், 'டூ' சுழற்சி விடியும்வரை அதே வரிசையைச் சுற்றும். 'இன்டிஜர்' என்பதை 'லோங்' ஆக்கி, அந்த வாய்மூடி வரியையும் நீக்கினால் தீர்ந்தது. அந்த வரியைக் கண்ட இடமெல்லாம் எழுதுவது கெட்ட பழக்கம்.

அடுத்த சந்தேகநபர் 'வேர்க்ஷீட் சேன்ஜ்' நிகழ்வு. ஒரு கட்டம் மாறியதும் ஓடும் மக்ரோ, அதே தாளின் இன்னொரு கட்டத்தில் எழுதினால் தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். எழுதுமுன் 'எனேபிள் ஈவென்ட்ஸ்' என்பதை 'ஃபோல்ஸ்' ஆக்கி, முடிந்ததும் 'ட்ரூ' ஆக்க வேண்டும்.

தாமதம் மட்டும்தான் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, மக்ரோ ஒவ்வொரு கட்டமாகத் தாளைத் தொடுகிறதா என்பது. வாவிக்கரைக் கொள்வனவாளர் ஒருவர் ஆண்டு முழுவதும் பதிந்த இறால் நிறைகளைக் கூட்டும் மக்ரோவை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு கட்டத்தில் எழுதும்போதும் எக்செல் சூத்திரங்களைத் திரும்பக் கணக்கிட்டு, திரையையும் வரைகிறது. முழுப் பரப்பையும் ஒரே தடவையில் 'வேரியன்ட்' மாறிக்குள் வாங்கி, அங்கேயே கணக்கை முடித்து, ஒரே தடவையில் திருப்பி எழுதினால் நிமிடங்கள் வினாடிகளாகும். 'ஸ்கிரீன் அப்டேட்டிங்'கை அணைப்பதும் உதவும். முழு நிரலையும் சுற்றுவது வீண்: 2007 முதல் ஒரு நிரலில் 10,48,576 கட்டங்கள் உண்டு. கடைசி வரிசையைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்த வேண்டும்.

நீண்ட சுழற்சிக்குள் ஆயிரம் வரிசைக்கு ஒரு முறை 'டூ ஈவென்ட்ஸ்' வைத்து எக்செல்லுக்கு மூச்சுவிட இடைவெளி கொடுத்து, ஸ்டேட்டஸ் பாரில் வரிசை எண்ணைக் காட்டினால் பார்ப்பவருக்குப் பதற்றம் இராது. அந்த இடைவெளியில் அவர் பொத்தானை மறுபடி அமுக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்காகக் கணக்கீட்டை 'மனுவல்' ஆக்கும் மக்ரோ நடுவில் நின்றுவிட்டால், திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளும் பழைய கூட்டுத்தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். எனவே பிழை வந்தாலும் 'ஒட்டோமெட்டிக்'குக்குத் திருப்பும் வரிகளை மக்ரோவின் முடிவில் கட்டாயம் எழுதுங்கள். கொடுப்பனவுப் பட்டியலை அச்சிடும் முன் கீழ் இடது மூலையில் 'கல்குலேட்' என்ற சொல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் எஃப்9 அமுக்கிய பிறகே அச்சிடுங்கள்.