பாயான் லெபாஸ் முத்திரை இருந்தால் சிப் பறக்குமா?

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்.பி., லெனோவோ பெட்டிகள் இப்போது சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஜார்ஜ்டவுனில் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பையனுக்கு அடுத்த வாரமே ஓர் ஆசை வரும். உள்ளே இருக்கும் மலிவு புரொசசரை ஓவர்கிளாக் செய்தால், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால் என்ன? கேட்டால் போதும், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் முழுப் பொய் குறைவு. பெரும்பாலானவை ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு போர்டில் மெய்யாக இருந்தவை. அந்தப் போர்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. யோசனை மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

“மலேசியா என்று பொறித்த சிப் நன்றாக ஓடும்”

பினாங்குக்காரர்களுக்குப் பெருமை தரும் நம்பிக்கை இது. அதனால் இதிலேயே தொடங்குவோம்.

1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுப் புரொசசரை வெளியிட்டது. விலை 149 அமெரிக்க டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஏறக்குறைய 670 டாலர். அடுத்த மாதத் தொடக்கத்தில் மலேசிய அரசு ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நாணய மதிப்பை நிலைநிறுத்தியது. அந்தக் கணக்கில் ஒன்று 570 வெள்ளிக்குள், மற்றது 2,500 வெள்ளிக்கு மேல். நிதி நெருக்கடிக் காலத்தில் இது சின்ன வித்தியாசமில்லை. இந்த நிலையில்தான், 300ஏ-வின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் அது 450-ல் ஓடுகிறது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பஸ் வேகத்தைப் பெருக்கினால் சிப்பின் வேகம்; அந்த நான்கரை மடங்கு என்ற பெருக்கெண் சிப்புக்குள் பூட்டப்பட்டிருந்தது. பஸ் வேகம் பூட்டப்படவில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

எல்லாச் சிப்பும் 450-ஐத் தொடவில்லை. எது தொடும் என்று தேடியவர்கள் மேலே பொறித்திருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தார்கள். சிலவற்றில் மலேசியா, சிலவற்றில் கோஸ்டா ரிக்கா. மலேசியச் சிப்தான் ஓடும் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்தது. கோஸ்டா ரிக்காதான் என்று இன்னொரு கூட்டம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எந்தப் புதுப் புரொசசர் வந்தாலும் இதே சண்டை நடந்தது.

பாயான் லெபாஸில் நடப்பது என்ன என்று தெரிந்தவர்கள் அந்தச் சண்டையில் இறங்கியிருக்க மாட்டார்கள். 1969-ல் ஜார்ஜ்டவுன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த காலத்தில் லிம் சோங் யூ முதலமைச்சரானார். வயல்வெளியாகக் கிடந்த பாயான் லெபாஸ் சுதந்திர வணிக வட்டாரமாயிற்று. இன்டெல் 1972-ல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் அமைத்தது. ஏ.எம்.டி.யும் அதே காலத்தில் வந்தது. ஆலைப் பேருந்தில் ஏறி மூன்று ஷிப்டும் பார்த்த நம் அக்கா தங்கைகளுக்கு இந்தச் சிப்புகள் புதிதல்ல.

ஆனால் அந்த ஆலைகள் சிலிக்கானில் சுற்றுகளைப் பதிப்பதில்லை. இன்டெல்லுக்கு அந்த வேலை அமெரிக்கா, அயர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் முடிந்து, வட்டத் தகடாக இங்கே வரும். பினாங்கில் தகட்டைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் அடித்தளத்தில் பொருத்தி, மூடி, சூடேற்றி ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்தில் நிற்கிறது என்று சோதித்து முத்திரை குத்துகிறார்கள். சந்தேகமிருந்தால் பழைய ஏ.எம்.டி. சிப் ஒன்றை எடுத்து, மேலேயுள்ள பசையைத் துடைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சிலிக்கான் ஜெர்மனியில் பதிக்கப்பட்டது, மலேசியாவில் தயாரிக்கப்பட்டது என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கும். எவ்வளவு வேகம் தாங்கும் என்பது முதல் வரியில் சொல்லப்பட்ட இடத்தில், அந்த வாரம் அந்தத் தகடு எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தது.

பிறகு ஏன் ஊர்ப்பெயரில் உண்மை இருப்பதுபோல் தோன்றியது? தொகுதி எண்தான் காரணம். இன்டெல் சிப்பின் மேல் ‘எல்629’ என்று தொடங்கும் எண் இருந்தால், முதல் எழுத்து மலேசிய ஆலை, அடுத்த இலக்கம் 2006, கடைசி இரண்டும் 29-ஆவது வாரம். நல்ல தகடுகள் வந்த சில வாரங்களில் அவை ஒரே ஆலைக்குப் போயிருந்தால் அந்த ஊருக்குப் பெயர் கிடைத்துவிடும். பார்க்க வேண்டியது வாரம், பார்த்தது ஊர்.

“மலிவுச் சிப் என்றால் பழுதான பெரிய சிப்”

சில தலைமுறைகளில் சரி, சிலவற்றில் தவறு. 300ஏ பென்டியம் 2-வின் கழிவு இல்லை. 128 கிலோபைட் கேஷ் நினைவகத்தைச் சிலிக்கானுக்குள்ளேயே வைத்து, தனியாக வரைந்த சிப் அது. பென்டியம் 2-வின் கேஷ் வெளியே, தனிச் சிப்பாக, பாதி வேகத்தில் ஓடியது. அதனால்தான் 450-க்கு ஏற்றிய செலரான் பல வேலைகளில் விலையுயர்ந்த அண்ணனோடு தோளுக்குத் தோள் நின்றது. பின்னால் வந்த மலிவுச் சிப்புகள் பலவற்றில் கேஷின் ஒரு பகுதியை அடைத்து விற்றார்கள் என்பதும் உண்மையே.

“பிராண்டட் போர்டா? ஒரு பின்னில் நாடா ஒட்டினால் போதும்”

இந்த யோசனைக்கு நான் மரியாதை கொடுப்பேன். ஏனென்றால் இது வேலை செய்தது.

பிராண்டட் கம்ப்யூட்டரின் பயாஸில் பஸ் வேகம் மாற்ற இடமே இருக்காது. சிப் என்ன கேட்கிறதோ அதைத்தான் போர்டு கொடுக்கும். செலரான் 300ஏ ஒரு சின்ன பலகையில் வந்தது. அதன் விளிம்பில் தங்கநிறக் கோடுகள். அவற்றில் பி-21 என்ற கோடு, “எனக்கு 66 போதும்” என்று போர்டிடம் சொல்லும் கம்பி. அந்த ஒரே கோட்டின் மேல் நகப்பூச்சு தடவினாலோ மெல்லிய நாடா ஒட்டினாலோ கம்பி துண்டாகிவிடும். போர்டு 100 மெகாஹெர்ட்ஸ் சிப் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கோடு ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்குமோ என்னவோ. பக்கத்துக் கோட்டில் பூச்சு படக்கூடாது. நகப்பூச்சுக் குப்பியை அக்காவிடம் கேட்டு வாங்கியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இந்த யோசனையைச் சொல்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். போர்டில் இன்டெல்லின் 440 பி.எக்ஸ். சிப்செட் இருந்தால்தான் 100 என்ற வேகம் அதற்குத் தெரியும். மலிவுப் பெட்டிகளில் பலவற்றில் இருந்தவை எல்.எக்ஸ்., இ.எக்ஸ். அவை 66-க்காகவே செய்யப்பட்டவை. நாடா ஒட்டினால் கறுப்புத் திரைதான். பி.எக்ஸ். இருந்தாலும் ரேம் 100 மெகாஹெர்ட்ஸுக்கானதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் சில சிப்புகள் 450-ல் நிற்க 2.0 வோல்ட் போதாமல் 2.2 கேட்கும், வோல்டேஜ் மாற்றவும் பயாஸில் இடமில்லை. விடாக்கண்டர்கள் வோல்டேஜ் சொல்லும் கோடுகளிலும் நாடா ஒட்டினார்கள். எனக்கு இதில் பிடித்தது, 100 என்பது போர்டுக்கு முறைப்படி தெரிந்த வேகம் என்பதுதான். அதனால் பி.சி.ஐ. அட்டைகள் தங்களுக்குரிய 33 மெகாஹெர்ட்ஸிலேயே இருந்தன. 83 போன்ற இடைவேகங்களில் ஓட்டியவர்களுக்கு அவையும் சேர்ந்து ஏறி, ஹார்டு டிஸ்க்கில் தரவு சிதைந்தது.

பத்தாண்டு கழித்து அதே வித்தை எல்.ஜி.ஏ. 775 சிப்புகளில் திரும்ப வந்தது. 2007-ல் வந்த பென்டியம் இ2160, அடியில் உள்ள ஒரு புள்ளியைச் சரியாகக் கையாண்டால் 1.8-லிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. அங்கும் சிப்செட்டுக்கு அந்த பஸ் வேகம் தெரிந்திருக்க வேண்டும்.

2011-ல் கதை முடிந்தது. அந்த ஆண்டின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில், கடிகாரத் துடிப்பைப் போர்டில் இருந்த தனிச் சிப்பிலிருந்து எடுத்து இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது. புரொசசர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் ஒரே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டுண்டன. அதை ஐந்து விழுக்காடு ஏற்றுவதற்குள் டிஸ்க் தடுமாறும். பெருக்கெண்ணை மாற்றப் பெரும்பாலும் ‘கே’ என்று முடியும் விலையுயர்ந்த சிப்பும் அதற்கேற்ற சிப்செட்டும் வேண்டும். நாடா ஒட்டுவதற்குக் கோடே இல்லை. 2010-க்குப் பின் வந்த அலுவலகப் பெட்டியைத் திறந்துவைத்து நாடா தேடுபவர் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்.

விண்டோஸிலிருந்தபடியே பஸ் வேகத்தை மாற்றும் செட்எஃப்எஸ்பி என்ற மென்பொருளுக்கும் இதே விதி. போர்டில் இருந்த அந்தக் கடிகாரச் சிப்பின் எண்ணை நாம் வாசித்துச் சொன்னால், அது நேரே அதனோடு பேசி வேகத்தை ஏற்றும். சில பிராண்டட் போர்டுகளில் அந்தச் சிப்பே பூட்டப்பட்டிருந்தது. சிப் மறைந்தபின் மென்பொருளுக்குப் பேச ஆளில்லை.

“பயாஸில் ரகசிய மெனு இருக்கிறது, இல்லையென்றால் வேறு பயாஸ் ஏற்று”

எச்.பி. பெட்டிக்குள் இருக்கும் போர்டை ஆசுஸோ ஃபாக்ஸ்கானோ செய்திருக்கலாம். அதே போர்டின் கடைப் பதிப்புக்கான பயாஸை ஏற்றினால் எல்லா மெனுவும் திறக்கும் என்பது நம்பிக்கை. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு போர்டுகளில் வோல்டேஜ் கொடுக்கும் பகுதி வேறாக இருக்கும். மின்விசிறிக் கட்டுப்பாடு வேறாக இருக்கும். ஏற்றிய பிறகு திரை வராமல் போனவை நிறைய. 2013-க்குப் பின் வந்த பல பிராண்டட் பெட்டிகளில் பயாஸுக்குக் கையொப்பச் சோதனை உண்டு. அதன் சாவி சிப்செட்டுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். நிறுவனம் கையொப்பமிடாத பயாஸோடு கம்ப்யூட்டர் எழவே எழாது.

2014-ல் இன்டெல் பென்டியம் ஜி3258 என்ற, பெருக்கெண் பூட்டில்லாத 72 டாலர் சிப்பை விட்டது. 3.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து பலர் 4-ஐத் தாண்டினார்கள். கடையில் விற்ற மலிவு போர்டுகளுக்குக்கூட நிறுவனங்கள் அதற்கான பயாஸ் கொடுத்தன. அதே சிப்பை டெல், எச்.பி. அலுவலகப் பெட்டியில் செருகினால் 3.2-லேயே நின்றது. பூட்டு சிப்பில் இல்லாதபோதும் போர்டில் இருந்தது. பூட்டு கெட்ட எண்ணத்தில் போட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆயிரம் பெட்டி வாங்கும் வங்கிக்கு ஒரே மாதிரி ஓடும் ஆயிரம் பெட்டிதான் தேவை. ஆனால் வேகத்தைக் கூட்டாமல் வோல்டேஜை மட்டும் குறைத்து, சூட்டைத் தணித்துக்கொள்ளும் நல்ல பழக்கமும் 2019 டிசம்பரில் அடிபட்டுப் போனது. வோல்டேஜ் வழியாகத் தாக்கும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், பயாஸ் அப்டேட்டுகள் அந்தக் கதவையும் சாத்தின. அது மட்டும் எனக்கு வருத்தம்தான்.

“பினாங்கு ஈரக்காற்றில் ஓவர்கிளாக் செய்தால் உள்ளே தண்ணீர் கோக்கும்”

சாதாரண மின்விசிறியால் குளிரும் சிப் எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். சூடான பொருளின் மேல் நீர் கோக்காது. ஐஸ் தண்ணீர், திரவ நைட்ரஜன் என்று அறைக்குக் கீழே குளிர்விப்பவர்கள்தான் பயப்பட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவர்களுக்கு இங்கே சீக்கிரம் கோக்கும்.

இங்குள்ள உண்மையான இடைஞ்சல் வேறு. வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நடக்கின்றன. பத்து டிகிரி கூடுதல் சூடான அறையில் அதே சிப், அதே மின்விசிறி, ஏறக்குறைய பத்து டிகிரி மேலே போய் நிற்கும். அங்கே கிடைத்த வேகம் இங்கே ஏர்கான் போட்டால்தான் கிடைக்கும்.

சிப் எரிந்துவிடும் என்ற பயம் 2001-ல் பரவிய ஒரு வீடியோவிலிருந்து வந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த ஏ.எம்.டி. ஆத்லானின் ஹீட்சிங்கைக் கழற்றியதும் புகைந்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்றைய சிப்புகள் எல்லாம் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும். பிராண்டட் பெட்டியில் முதலில் போவது போர்டின் மின்பகுதியும் பவர் சப்ளையும்தான். அவற்றை நிறுவனம் கொடுத்த சிப்புக்கு அளந்தே போட்டிருப்பார்கள்.

பவர் சப்ளை போனால் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். 1998 முதல் சில ஆண்டுகள் டெல் பெட்டிகளில் செருகி வழக்கமான வடிவில் இருந்தது, உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சாதாரண பவர் சப்ளையைச் செருகியவர்களின் போர்டு புகைந்தது. இப்போதைய டெல், எச்.பி. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் செருகியே வேறு வடிவம் என்பதால் தவறாகச் செருக முடியாது. அதற்கான மாற்று வயர் தனியாகக் கிடைக்கிறது. அந்த வயருக்கும் பெரிய பவர் சப்ளைக்கும் ஆகும் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி.யும், காலியாக இருக்கும் இடத்தில் செருக இன்னொரு ரேமும் வாங்கிவிடலாம். சுழலும் டிஸ்க்கோடு வந்த பெட்டியில் இந்த இரண்டும் காட்டும் வித்தியாசத்தை எந்த ஓவர்கிளாக்கும் காட்டியதில்லை.