பெரிய வண்டி யாருக்கு வேண்டும்?

அமெரிக்காவில் 1977 முதல் அதிகம் விற்கும் பிக்கப் டிரக், ஃபோர்டின் எஃப் வரிசை. அதற்கு வாங்குபவரின் ஆசை மட்டுமே காரணம் அல்ல. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டபோது, பதிலடியாக 1964-இல் அமெரிக்கா வெளிநாட்டு இலகுரக டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்தும் வரி போகவில்லை. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த எரிபொருள் விதிகளும் கார்களைவிட டிரக்குகளிடம் தாராளமாக நடந்துகொண்டன, பெரும்பாலான எஸ்.யூ.வி.களும் டிரக் கணக்கிலேயே சேர்ந்தன. போட்டி குறைவு, விதி தளர்வு, லாபம் அதிகம். கம்பெனிகள் வேறு எங்கே போகும்? 2018-இல் ஃபோர்டு தன் செடான் கார்களை அமெரிக்காவில் நிறுத்தப்போவதாகவே அறிவித்துவிட்டது.

ஆகவே ஷோரூமில் வரிசையாக நிற்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும் வேலை எது என்று முதலில் எழுதிப் பாருங்கள். பிறகு இந்த நான்கு வகை வண்டிகளையும் ஒப்பிடுங்கள்.

முழு அளவு பிக்கப் (ஃபோர்டு எஃப்-150 போன்றவை)

படகு, குதிரை ஏற்றும் டிரெய்லர், பெரிய கேம்பர் ஆகியவற்றை அடிக்கடி இழுப்பவருக்கும், கட்டட வேலை செய்பவருக்கும் இதற்கு மாற்று இல்லை. ஏற்ற எஞ்சினும் கருவிகளும் இருந்தால் 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் டிரக் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது இழுக்கிறார்கள் என்று ஸ்ட்ராட்டஜிக் விஷன் நிறுவனத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது.

விளம்பரத்தில் வரும் இழுவைக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று அதில் போட்டிருக்கும். அது 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 6,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 600 முதல் 900 பவுண்டு, வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும். மீதியில்தான் ஐந்து பேரும் அவர்கள் மூட்டையும் அடங்க வேண்டும்.

முழு அளவு எஸ்.யூ.வி. (செவர்லே டஹோ, சபர்பன்)

ஏழெட்டுப் பேரும் ஏற வேண்டும், கனமான டிரெய்லரும் இழுக்க வேண்டும் என்பவருக்கு இது சரி. இரண்டில் ஒன்றுதான் தேவை என்றால் சரியில்லை. டஹோவின் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் 25.5 கன அடி இடம். அதைவிட நீளம் குறைந்த டொயோட்டா சியன்னா மினிவேனில் 33.5 கன அடி. டிரக்கின் அடிச்சட்டகத்தின் மேல் உடலை ஏற்றி வைப்பதால் தரை உயர்ந்து, உள்ளே இடம் குறைகிறது. சபர்பனில் 41.5 கன அடி உண்டு. ஆனால் வண்டி ஏறக்குறைய 19 அடி நீளம்.

மினிவேன்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. முழங்கால் வலியோடு அம்மா ஏறுவதற்குத் தாழ்ந்த தரையும் தள்ளுகதவும் தரும் வசதியை எந்த எஸ்.யூ.வி.யும் தராது. சியன்னா ஹைப்ரிட் காலனுக்குச் சுமார் 36 மைல் ஓடும். வி8 டஹோ அதில் பாதியைத் தொடுவதே பெரிது. குறை என்ன? இழுவை சுமார் 3,500 பவுண்டோடு நின்றுவிடும். கரடுமுரடான பாதைக்கு ஆகாது. கெத்து இல்லை என்பாரும் உண்டு.

சிறிய பிக்கப் (ஃபோர்டு மேவரிக்)

தோட்டத்துக்கு மண், பழைய சோபா, சைக்கிள்: இவ்வளவுதான் சுமை என்றால் 1,500 பவுண்டு வரை ஏற்றும் இதுவே போதும். சரக்குப் பகுதி நாலரை அடிதான். எட்டடிப் பலகையை நீட்டிக் கட்ட வேண்டிவரும். மூன்றாம் வரிசை கிடையாது.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, டேப் எடுத்து கேரேஜை அளந்து பாருங்கள். பல வீடுகளில் ஆழம் 20 அடி. நான்கு கதவு எஃப்-150 பொதுவாக 19 அடிக்கு மேல். முன்னால் ஓர் அலமாரி இருந்தால் கதவு மூடாது.

இரண்டாவது, பானட்டின் உயரம். முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்பு கொண்டவற்றைவிட நடப்பவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கண்டறிந்தது. உங்கள் பிள்ளையை வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள். தலை தெரிய எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது என்பது உடனே புரியும்.

முடிவு

மாதம் ஒரு முறையாவது கனம் இழுத்தால் முழு அளவு டிரக். ஆட்களும் டிரெய்லரும் சேர்ந்தே போனால் பெரிய எஸ்.யூ.வி. ஆட்கள் மட்டும் என்றால் மினிவேன். அவ்வப்போது சரக்கு என்றால் மேவரிக். ஆண்டுக்கு ஓரிரு நாள் தேவைக்கு ஹோம் டிப்போவிலோ யூ-ஹாலிலோ டிரக் வாடகைக்குக் கிடைக்கும். பெரிய வண்டிதான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் ஒரு காரணமே. அதைத் தேவை என்று பெயர் மாற்றாமல், பெட்ரோல் செலவையும் கணக்கில் எழுதிவிட்டு வாங்குங்கள்.