போறணை இல்லாத வீட்டில் இஞ்சி பிஸ்கற்

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களிற் சில, பின்னர் கொழும்பு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் குடியிருந்தன. வெங்காயமும் மிளகாயும் நட்டவர்களுக்கு அங்கே தோட்டம் ஏது? கையில் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இன்றும் அப்படி ஒற்றை அடுப்போடு இருக்கும் குடும்பங்களுக்கே இந்தப் பாடம்.

பிஸ்கற் சுடப் போறணை வேண்டும் என்று பலர் பின்வாங்குகிறார்கள். ஊரில் கீழும் மேலும் தணல் வைத்துக் கேக் சுட்டதை நினைத்துப் பாருங்கள். அதே வழிதான். அடி தடித்த பழைய அலுமினியப் பானையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலைப் பரப்புங்கள். வெள்ளவத்தையில் கடற்கரை கிட்டத்தான். ஆனாலும் கடல் மணல் வேண்டாம், உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். மணலின் மேல் ஒரு வளையம், அதன்மேல் தட்டு. மூடிக் கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். யன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது.

கோதுமை மா 250 கிராம், சீனி 125 கிராம், மாஜரீன் 100 கிராம், கித்துள் பாணி 2 மேசைக்கரண்டி. வேர்க்கொம்புத் தூள் 2 தேக்கரண்டி, கறுவாத் தூள் 1, அப்பச்சோடா 1, கராம்புத் தூள் கால், உப்பு ஒரு சிட்டிகை. பச்சை இஞ்சி போடவேண்டாம். அதன் ஈரம் பிஸ்கற்றை இளக்கிவிடும். காய்ந்த இஞ்சியில் உறைப்பும் அதிகம்.

எங்கள் பெண்கள் வழக்கமாகத் தவறுவது மாவில்தான். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்த மா பழகிய கை, இதற்கும் அதையே எடுக்கும். அவித்த மா ஒட்டாது, உதிரும். அவிக்காத மாவையே எடுங்கள்.

மாஜரீன், சீனி, பாணியை நன்றாக அடித்து, அரித்த மாவையும் தூள்களையும் சேர்த்துப் பிசையுங்கள். சிறு தேசிக்காயளவு உருட்டித் தட்டினால் ஏறக்குறைய 25 வரும். சுடும்போது பரவும், இடைவெளி விடுங்கள். 15 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப வைத்தால் கருகும். எனது முதல் தட்டு அப்படித்தான் போனது. ஆறியபின் முறுகும்.

விற்க நினைப்பவர்கள் முதலில் கணக்கு எழுதுங்கள். மா, சீனி விலையை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை இலாபம் என்பது பிழை. மண்ணெண்ணெய், பொதி செய்யும் பை, கருகிய தட்டு, உங்கள் இரண்டு மணித்தியால உழைப்பு எல்லாம் செலவுதான். இலங்கையில் உணவு விற்பனை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கண்டு கேளுங்கள்.

கடற்காற்றில் பிஸ்கற் ஒரே இரவில் நமத்துவிடும். முற்றாக ஆறியபின் இறுக்கமான தகர டின்னில் அடையுங்கள். நமத்தவற்றை அதே பானையில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் திரும்ப முறுகும், ஆனால் அவற்றை விற்காதீர்கள், வீட்டுத் தேநீருக்கு வையுங்கள்.