வதந்தியை எண்ணிப் பார்த்தவர்கள்

‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்பது பழமொழி. மூட முடியாத அந்த வாயிலிருந்து வருவதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்தால் மனித மனத்தைப் பற்றி ஏதேனும் தெரியவருமா? வரும் என்று காட்டியவர்கள் நம் நாட்டு அறிஞர்கள் இருவர். உளவியல் என்றதும் பலர் முகம் பார்த்துக் குணம் சொல்வதையே நினைக்கிறார்கள். உண்மையில் அதுவும் ரசாயனத்தைப் போல அளந்து பார்க்கும் ஓர் அறிவியலே. ஆனால் ரசாயனத்தில் திரவத்தைக் குடுவையில் ஊற்றி அளக்கலாம். அச்சத்தை எதில் ஊற்றுவது? அங்கேதான் ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் துணைக்கு வருகின்றன.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதையடுத்து மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற அறிஞர் திரட்டி, 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் ஏடு ஒன்றில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கங்கை நீர் மறைந்துபோய், குளித்துக் கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்து விட்டார்களாம்; பாட்னாவில் கடும் புயல் வீசப் போகிறதாம்; சந்திர கிரகணத்தன்று பூமி மறுபடியும் அதிருமாம். ‘இதெல்லாம் படிக்காதவர் பேச்சு’ என்று அவர் ஒதுக்கி விடவில்லை. மனத்தைக் கலக்கும் நிகழ்ச்சி, முன்பின் பழகாத நிகழ்ச்சி, சரிபார்க்க வழியில்லாத நிகழ்ச்சி, ஊருக்கே பொதுவான நிகழ்ச்சி – இவை கூடும் இடத்தில் வதந்தி பிறக்கும் என்றார்.

1950-இல் டார்ஜிலிங்கில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டு உயிரும் உடைமையும் அழிந்தன. அங்கு மக்கள் பேசியவற்றைத் துர்கானந்த் சின்ஹா என்ற உளவியல் பேராசிரியர் குறித்துக்கொண்டு 1952-இல் வெளியிட்டார். கண்ணெதிரே அழிவைக் கண்ட அந்த மக்களிடம், ‘இனி இதைவிடப் பெரிய ஆபத்து வரும்’ என்ற பேச்சு காணப்படவில்லை.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தவர் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர். 1957-இல் வெளியான தம் நூலில் அவர் ஒரு கேள்வி கேட்டார். பிரசாத் திரட்டிய வதந்திகள், அதிர்வை உணர்ந்தும் சேதமடையாதவர்களிடையே உலவியவை. இழந்தவர்கள் அல்லவா அதிகம் பயப்பட வேண்டும்? இழக்காதவர்கள் ஏன் பயமூட்டும் கதைகளைப் பரப்புகிறார்கள்? அவர் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. உடல் நடுங்குகிறது, ஆனால் சுற்றிலும் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பயம் இருக்கிறது, காரணம் இல்லை. அந்தப் பயத்துக்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது. வதந்தி அதைக் கொடுக்கிறது. வீடிழந்தவருக்கோ காரணம் கண்ணெதிரே கிடக்கிறது.

ஒரே ஒரு பட்டியலை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. இதனால்தான் ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்கிறார்கள். எனினும் இதை முற்றும் நிரூபணமான உண்மை என்று கொள்வதற்கில்லை. அங்கே நிலநடுக்கம், இங்கே நிலச்சரிவு. இடையே 16 ஆண்டுகள். திரட்டியவரும் வேறு. வேறுபாடு இவற்றில் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? மற்றதையெல்லாம் சமமாக்கி, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. அதற்காகப் பாதி ஊரைப் பயமுறுத்த எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே உளவியலார் நிகழ்ந்ததை வைத்தே கற்க வேண்டியிருக்கிறது.

நம் வடசென்னைக்கு அச்சம் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவதாக அஞ்சி மக்கள் நகரை விட்டே வெளியேறினர். அப்போது ஒருவர் நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் நின்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இல்தான் தொடங்கியது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இதை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம், தோழிகளே. வாயுவைச் சுவாசித்தவர்கள் ஒரு குழு. செய்தியை மட்டும் கேட்ட ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள் மற்றொரு குழு. தண்ணீர் லாரியருகே நிற்பவர்களை மட்டும் கேட்டால் போதாது; துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போனவரும், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குச் சென்றவரும் விடுபட்டுப் போவார்கள். வீட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். ‘நீங்களும் பயந்து ஓடினீர்களா?’ என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டியதாகும். ‘அன்றிரவு என்ன செய்தீர்கள்? என்ன கேள்விப்பட்டீர்கள்?’ என்பதே சரி. முதலில் அனுமதி கேட்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. கண் கலங்கினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இனிக் கணக்கு. ‘எத்தனை பேர் மயங்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டீர்கள்?’ என்று 9 பேரைக் கேட்டோம் என்று கொள்வோம். பதில்கள் (என் கற்பனை எண்கள்தாம்) 10, 12, 12, 15, 15, 15, 20, 25, 200. கூட்டினால் 324, சராசரி 36. ஆனால் 36 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை! எட்டுப் பேர் சொன்னது 25-க்குள்தான். அந்த 200 ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிட்டது. வரிசையில் நடுவே நிற்கும் எண்ணாகிய இடைநிலை 15. அதிகம் பேர் சொன்ன முகடும் 15. வதந்தியை அளக்கச் சராசரியை விட இடைநிலையே நம்பத்தக்கது. ஆனால் அந்த 200-ஐ அடித்துவிடவும் கூடாது. அதைச் சொன்னவர் யாரிடம் கேட்டார் என்று தேடிப் போனால், வதந்தி வந்த வழி தெரியும்.

இந்த ஆய்வுக்கு ஒரு குறை உண்டு. நாளாகிவிட்டால் நினைவே கதையாகிவிடும். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்பவர் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்துத் திரும்ப எழுதச் சொன்னார். கதை சுருங்கியது, புரியாத இடங்கள் எழுதியவருக்குப் பழகியவையாக மாறின. 1932-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். எனவே, நிகழ்ச்சி நடந்து எத்தனை நாளுக்குப் பின் கேட்டோம் என்பதையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

பிறகு, ‘இன்னும் பெரிய ஆபத்து வரப் போகிறது’ என்று கேள்விப்பட்டவர்கள் இரு குழுவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கலாம். செய்தி மட்டும் கேட்டவர்களிடம் அது மிகுதியாக இருந்தால் ஃபெஸ்டிங்கர் சொன்னதற்கு வலுச் சேரும். இரண்டும் சமமாக வந்தால், அவர் விளக்கம் எண்ணூருக்குப் பொருந்தவில்லை என்று எழுதிவிட வேண்டியதுதான்.