ஆய்வகத்தின் அமைதியும் குளிர்சாதனமும்

இயற்பியலார் ‘இரைச்சல்’ என்று குறிப்பது செவிக்கு எட்டும் ஓசையை மட்டுமன்று. அளக்க விரும்பியதோடு கலந்து அதனை மறைக்கும் எதுவும் அவர்தம் வழக்கில் இரைச்சலே. ஓசை, ஒலி, அரவம், சந்தடி எனத் தமிழில் சொற்கள் பல இருப்பினும், இப்பொருளை முழுதும் தாங்கும் சொல் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் கருத்து. இவ்விரைச்சலுள் ஒரு வகை, ஆய்வகத்தைக் காப்பதற்கென்றே வைத்த குளிர்சாதனத்திலிருந்து பிறக்கிறது என்பது வியப்பு.

அமெரிக்க நாட்டின் லைகோ ஆய்வகங்களை எடுத்துக்கொள்வோம். ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் அமைந்த இவை, விண்ணின் தொலைவிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைத் தேடுவன. ஒவ்வொன்றிலும் 4 கி.மீ. நீளமுள்ள இரு வெற்றிடக் குழாய்கள் செங்கோணத்தில் பிரிகின்றன. அவற்றுள் 40 கிலோ எடையுள்ள ஆடிகள் தொங்குகின்றன. புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த அசைவையும் இக்கருவி உணரும். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பு அலை சிக்கியது இவ்வாறே.

குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டால் என்ன என்று மாணவர் வினவலாம். சோதனைக்காகச் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. நெடுநேரம் நிறுத்த இயலாது. ஆடிகளைத் தாங்கும் தொடரின் மேற்பகுதியில் எஃகு விற்கள் உள்ளன. வெப்பம் மாறினால் அவற்றின் விறைப்பு மாறும். ஆடி தன் நிலையினின்று இறங்கும் அல்லது ஏறும். வெற்றிடக் கலங்களைத் திறந்து பணி செய்யுங்கால் தூசியைத் தடுப்பதும் இதே காற்றோட்டமே.

ஆடிகள் வெற்றிடத்தில் தொங்குகையில் விசிறியின் அதிர்வு எவ்வழியே புகுகிறது? லேசர் ஒளியில் மிகச் சிறு பகுதி சிதறிக் கலத்தின் சுவரில் படுகிறது. சுவர் அதிர்ந்தால், அங்கிருந்து திரும்பும் ஒளி அவ்வதிர்வைச் சுமந்து வந்து முதன்மைக் கற்றையில் கலக்கிறது. ஆடி அசையாமலே அசைந்தாற்போலத் தோன்றும்.

இதற்குரிய மருந்துகளுள் முதலாவது சுருள்வில். நிமிடத்திற்கு 1200 சுற்றுச் சுழலும் விசிறி, நொடிக்கு 20 முறை தரையை உலுக்கும். தன் எடையால் ஏறத்தாழ 16 மி.மீ. அமிழும் விற்களின்மேல் அதனை நிறுத்தினால், அவ்வமைப்பின் இயல்பு அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ். அப்போது தரைக்கு இறங்கும் அதிர்வு கணக்குப்படி 24இல் ஒரு பங்காகும். வில் விறைப்பாக இருந்து இரு அதிர்வெண்களும் நெருங்கினாலோ அதிர்வு பெருகும். தடிப்பான ரப்பர்த் துண்டைச் செருகிவிட்டு நிம்மதி கொள்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

விசிறியின் வேகத்தைக் குறைத்தால் போதாதோ? வேகம் பாதியானால் காற்றின் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் தணியும், பெருநன்மைதான். ஆயின் தரையைக் கவனிக்க வேண்டும். சமநிலையின்மையால் எழும் விசை நான்கில் ஒன்றாகும். அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் ஆகிவிடுவதால் அதே வில் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விடும். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய முன்பிருந்த அளவே எஞ்சுகிறது. போதாக்குறைக்கு 10 ஹெர்ட்ஸ் என்பது லைகோ கேட்கத் தொடங்கும் எல்லை. ஆகவே வேகத்தைக் குறைப்போர் இன்னும் மென்மையான வில்லையும் உடன் அமைத்தல் வேண்டும். சுழலியைச் சமநிலைப்படுத்தலும் வேண்டும்.

விசிறிக்கும் காற்றுக்குழாய்க்கும் இடையே கித்தான் இணைப்பு வைத்தல், குழாயை அகலமாக்கிக் காற்றை மெல்லச் செலுத்துதல், இயந்திர அறைக்குத் தனி அடித்தளம் இடுதல் என்பன பொறியாளர் நன்கறிந்தவை.

2017இல் ஹான்ஃபோர்டில் விளங்காத இரைச்சல் ஒன்று பதிவாயிற்று. தேடிச் சென்றபோது, திரவ நைட்ரஜன் அமைப்பைச் சார்ந்த குழாயின்மேல் படிந்த உறைபனியைக் காக்கைக் குலத்து அண்டங்காக்கைகள் தாகத்தால் கொத்திக் கொண்டிருந்தமை தெரிந்தது. பனி படியாதவாறு குழாயைப் போர்த்தினர்.

இந்தியாவிற்கென ஒரு லைகோ, மராட்டிய மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மராத்வாடாவின் கோடை கடியது. அங்குக் குளிர்சாதனங்களுக்கு ஓய்வு இராது. அவற்றின் விற்களைக் கணக்கிடுவோர் நம் மாணவருள்ளும் சிலராதல் கூடும்.